வேல் குத்தாத நாக்கு

என் நாக்கில் துளை இல்லை, இருந்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பின் வருகிற ஆடிக் கிருத்திகையன்று, விரல் நீளத்தில் ஒரு வெள்ளி வேல் அதன் நடுவே இறங்க வேண்டும் என்று, நான் பேசத் தொடங்கும் முன்பே அம்மா முருகனிடம் சொல்லிவிட்டாள். மேடைகளில் இந்த நாக்கால் நான் பெற்ற கோப்பைகளை வைக்க எங்கள் வீட்டில் தனியாக ஒரு பலகை அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாக்கு யாருடைய வேண்டுதலில் வந்தது என்பதைப் பற்றி ஒரு மேடையிலும் நான் உண்மையாகப் பேசியதில்லை.

ஏறக்குறைய ஐந்து வயது வரை எனக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது, கூப்பிட்டால் திரும்பினேன், எடுத்துவரச் சொன்னதை எடுத்துவந்தேன். சொல் மட்டும் இல்லை. அம்மா காலையில் எழுந்ததும் “நாக்க நீட்டு” என்பாள். வசம்பை உரைத்து வைத்திருப்பாள். நான் நீட்டுவேன், தடவுவாள், கசப்பில் என் முகம் கோணுவதைப் பார்த்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காத்திருப்பாள். அப்பா பெங்களூரில் ஒரு மர அறுவை மில்லில் இருந்தார். கார்த்திகை தீபத்துக்கும் பொங்கலுக்கும் வருவார். ஆகவே அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த இரண்டு அறை வீட்டில், அம்மாவும் நானும் மட்டும்.

இருவரும் கைகளால் பேசிக்கொண்டோம். வயிற்றில் முட்டி வைத்தால் பசி. காதுமடலை இழுத்தால் தண்ணீர். உள்ளங்கையை ஊதினால் சுடுகிறது என்று பொருள். இந்த மூன்றும் எனக்குத் தெரிந்திருப்பது கூட, உறவினர்கள் வரும்போது அம்மா அவற்றைச் செய்துகாட்டிச் சிரித்ததால்தான். இன்னும் நிறைய இருந்தனவாம். அந்த மொழியைப் பேசியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருவன் பேச்சு வந்ததும் அதை மறந்துவிட்டான்.

என் முதல் சொல் “வாணாம்.” வசம்பைப் பார்த்துச் சொன்னேன். “மொத வார்த்தையே எதுத்துத்தான் பேசிச்சு என் புள்ள” என்று பின்னாட்களில் அம்மா எல்லோரிடமும் சொல்வாள்.

1989இல், ஆறாம் வகுப்பில், பள்ளிச் சுதந்திர தின விழாவில் பேசி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கி வந்தேன். அன்றுதான் அம்மா அந்த வேண்டுதலைச் சொன்னாள். ஊருக்கு அப்பால் சிறு குன்றின் மேலுள்ள முருகன் கோயிலில், பிள்ளைக்குப் பேச்சு வந்தால் அவன் வளர்ந்ததும் அதே நாக்கில் வேல் குத்துவதாக வேண்டிக்கொண்டாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் வகுப்பில் நாக்கை நீட்டி, வேல் எங்கே ஏறும் என்று எல்லோருக்கும் காட்டினேன்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் நான் பேச்சையே தொழிலாக நினைத்தேன். விடியற்காலையில், பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாத பகுதிக்குப் போய், புளிய மரங்களை அவையாக வைத்துப் பேசுவேன். எச்சரிக்கை மணிக்கும் இறுதி மணிக்கும் இடையே உள்ள ஒரு நிமிடத்தில் எதைச் சொன்னால் கைதட்டல் எழும் என்பது எனக்குத் தெரியும். எதிரணியில் ஒருவர் வாக்கியத்தைத் தொடங்கும்போதே அது எங்கே முடியும் என்று கண்டுகொண்டு, அங்கே போய் அவருக்காகக் காத்திருப்பேன். மேடையில் அது திறமை. வகுப்பறையிலும் டீக்கடையிலும் அதையே செய்ததால், என்னோடு பேசத் தொடங்கியவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். பள்ளி ஆண்டு விழா மாதிரியான கூட்டங்களில் ஐந்நூறு பேர் என்னைக் கேட்டார்கள். பேருந்தில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வந்தது. அதையும் நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

1996இல் எனக்குப் பதினெட்டு நிறைந்தது. கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு மாலை அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வர்ற கிருத்திகைக்கு வெச்சிக்கலாமாடா?”

“இன்னாத்தம்மா?”

“இன்னாத்தையாம். நாக்குல வேலு. பூசாரிகிட்ட சொல்லணும் இல்ல, காப்பு கட்டறதுக்கு.”

அந்த நாளில்தான் வேலூரில் சுழற்கோப்பைப் போட்டி. அதைச் சொல்லி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நான் முடித்திருக்கலாம். அம்மாவும் ஒத்துக்கொண்டிருப்பாள். நான் அப்படிச் செய்யவில்லை. எழுந்து நின்றேன். “முதலாவதாக,” என்று தொடங்கினேன்.

“டேய், முதலாவதெல்லாம் வாணாம். வரியா, இல்லியா, அத்த சொல்லு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. மூன்று காரணங்களை அடுக்கினேன். பிறகு, எல்லா உரைகளிலும் போல, கேலிக்கு வந்தேன். “பேச்சு வந்ததுக்கு நாக்கைக் குத்தணும்னா, நடை வந்ததுக்குக் காலை வெட்டிக் குடுத்தியா?”

முறம் நின்றது. அரிசியைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள்: “குடுத்தத எடுத்துக்கினா இன்னாடா பண்றது? எனக்கு பயமா இருக்குது.”

“எடுத்துக்கட்டும், பார்க்கலாம்.”

அவள் எழுந்து அரிசியைப் பானையில் கொட்டினாள். எதிரணி பதில் சொல்லாமல் அமர்ந்தால் வெற்றி நமக்கு என்றே பழகியவன் நான். அன்றும் அப்படியே முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் அம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஒன்றைப் பார்த்தேன். ஆடி மாதத்தில் பெண்கள் கட்டிக்கொள்வது வழக்கம்தானே என்று கடந்து போனேன். ஒருவேளை மட்டும் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை விரதம் என்று நினைத்தேன். அது செவ்வாய், புதன் என்று நீண்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு மனப்பாடம் செய்ய உரை இருந்தது.

கிருத்திகையன்று காலையில் அவள் எனக்கு முன்பே குளித்திருந்தாள். இட்லி கட்டிக் கொடுத்தாள். “நல்லா பேசு” என்றாள். நான் வேலூர் பஸ் ஏறினேன். போட்டியில் ஒட்டிப் பேச வேண்டுமா வெட்டிப் பேச வேண்டுமா என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தருவார்கள். எது வந்தாலும் எனக்கு ஒன்றுதான். முதல் இடம் வந்தேன். கோப்பை என் தலையை விடப் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் எந்த வாக்கியத்தோடு நுழைவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். என் அம்மாவுக்கு இந்தத் தெருவில் இருந்த ஒரே துணை அவர்.

“வந்துட்டாரு பேச்சாளரு. இன்னா, பெரிய அண்டாவா குடுத்துக்கிறாங்க?”

“சுழற்கோப்பைக்கா. முதல் பரிசு.”

“வை அத்த கீழ. சத்தம் போடாத உள்ள போ. உங்கம்மா நாக்குல வேலு குத்திக்கினு வந்து படுத்துக்குது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். பிள்ளையால் முடியாவிட்டால் பெற்றவள் அவன் பேரில் குத்திக்கொள்ளலாம் என்று பூசாரி சொன்னாராம். குத்திக்கொள்பவரின் தோளை வீட்டு ஆள் ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கம். “கூட யாரும்மா வந்துக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். அம்மா, “பையன் வேலூருக்குப் போயிருக்கான், கோப்பை வாங்கியாருவான்” என்றாளாம். என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாளாம். அதன் பிறகு வாயைத் திறந்தது வேலுக்காகத்தான்.

“நான்தான் தோளப் புடிச்சிக்கினேன்,” என்றார் அக்கா. “ஒரு சொட்டுக் கண்ணு கலங்கல. கூட்டத்துல பால்குடத்தோட வர்ற யாரோ ஒரு பையனப் பாத்துச்சு, அப்பதான் கலங்கிச்சு.”

உள்ளே அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உதட்டோரத்தில் திருநீறு காய்ந்திருந்தது. கோப்பையை அவள் பார்க்கும் இடத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டினாள். கையை நீட்டி அதன் விளிம்பைத் தொட்டாள். மகிழ்ச்சி அவள் முகத்தில் உண்மையாகவே இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. “ஏம்மா இப்படி?” என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியாது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் நாக்கு வீங்கியது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, பேசவே கூடாது என்றார்கள். ஒன்பது நாள் வீட்டில் பேச்சில்லை. கஞ்சியை ஆற்றி, தேக்கரண்டியால் குடித்தாள். அந்த நாட்களில்தான் அவள் மறுபடியும் கைகளால் பேசத் தொடங்கினாள். முட்டியை வயிற்றில் வைத்தாள், கஞ்சி கொடுத்தேன். காதுமடலை இழுத்தாள், தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் அவள் செய்தவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளோ பதின்மூன்று ஆண்டு இடைவெளி இல்லாதது போல, தங்குதடையின்றிச் செய்துகொண்டே போனாள்.

மாலையானால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வாள். இரண்டு உள்ளங்கைகளையும் தன் பக்கம் திருப்பி, சுண்டுவிரல்கள் ஒட்டும்படி மெல்லச் சேர்த்து வைப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

“கண்ணாடி வேணுமா? பொஸ்தகமா? சாமி கும்புடணுமா? வெளக்கு ஏத்தவா?”

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுப்பாள். நான் குரலை உயர்த்துவேன், கேட்காதவளிடம் பேசுவது போல. கடைசியில் அவள் புறங்கையால் வாசலைக் காட்டுவாள். போ என்பது யாருக்கும் புரியும். நான் புளிய மரங்களைத் தேடிப் போவேன். மாநிலப் போட்டி வர இருந்தது. போகும்போது என் மனதில் இருந்தது வருத்தமா விடுதலையா என்று கேட்டால், விடுதலைதான் என்று இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நாள் பேச்சு வந்தது. பழைய குரல்தான், பௌர்ணமியன்று அவள் சுக்குக் காபி விற்கும்போது பாதையின் மறுபக்கம் வரை கேட்கும் குரல். அக்காவிடம் பேசினாள், பால்காரரிடம் பேசினாள், அப்பா வந்தால் அவரிடம் பேசினாள். என்னிடம் தேவையானதைப் பேசினாள். போட்டி முடிந்து வந்தால் “பேசிக் காட்டு” என்று முன்பெல்லாம் கேட்பாள். அது நின்றுபோனது. நானும் காட்டவில்லை. பலகையில் கோப்பைகள் சேர்ந்தன. வெள்ளிக்கிழமைகளில் அவற்றைப் புளி போட்டுத் துலக்கி வைப்பாள், ஏதோ வேறு வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குவது போல.

2000ஆம் ஆண்டில் நான் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய போட்டிக்குத் தலைப்பு வந்தது: உடலில் பச்சை குத்துவதும் துளையிடுவதும் அவரவர் உரிமை. அந்தக் காலத்தில் செங்கம் சாலையில், ஆசிரமப் பகுதியில், தோளிலிருந்து முழங்கை வரை சித்திரம் வரைந்த வெளிநாட்டார் நிறையப் பேர் நடமாடினார்கள். எங்கள் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் புருவத்தில் வளையம் போட்டு வந்து, வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டிருந்தார்கள். டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் டாட்டூ என்று தமிழிலேயே பலகை வந்துவிட்டது. ஆதாரம் தேடி நான் செங்கம் சாலையின் ஒரு சிறிய கஃபேக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். கையில் பெரணிக் கொடி ஒன்று பச்சையாகப் படர்ந்திருந்தது. பேசும்போது நாக்கில் ஓர் உலோக மணி மின்னியது. நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஏன் குத்திக்கொண்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பிரிவு ஒன்றுக்குப் பிறகு, தன் உடம்பு தன்னுடையது என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்றாள். நான் குறித்துக்கொண்டேன். என் அம்மாவும் நாக்கில் குத்திக்கொண்டவள்தான் என்றேன், ஒரு வாதத்தை வைப்பது போல.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். வலி எப்படி இருந்ததாகச் சொன்னார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. குத்தும்போது என்ன நினைத்தாராம்? அதுவும் தெரியவில்லை. தனக்குக் குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை என்றும், என் அம்மாவுக்காவது நான் இருந்திருப்பேன் என்றும் சொன்னாள். நான் மறுக்கவில்லை. பேசியதற்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

போட்டியில் எனக்கு ஒட்டிப் பேசும் சீட்டு வந்தது. காது குத்தாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது, மாமன் மடியில் வைத்துக் குத்தியபோது அதன் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்று தொடங்கினேன். பிள்ளைகளின் பேரைக் கையில் பச்சை குத்திக்கொண்ட தாய்மார்களைச் சொன்னேன். எச்சரிக்கை மணி அடித்ததும் அம்மாவை எடுத்தேன். என் தாய், தன் உரிமையால், தன் நாக்கை ஈந்தாள் என்றேன். வேல் இறங்கியபோது அவள் கையைப் பற்றி நின்றவன் நான் என்றேன். அரங்கம் எழுந்து கைதட்டியது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். முதல் பரிசு.

வீட்டுக்கு வந்தபோது பகல் சாய்ந்திருந்தது. அம்மா, விற்பதற்கு வாங்கிய ஒரு கூடை எலுமிச்சம் பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோப்பையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டாள்:

“இன்னாத்தப் பத்திடா பேசின?”

“உன்னப் பத்திதான்.”

“என்னப் பத்தியா? என்னப் பத்திப் பேச இன்னா இருக்குது? எங்க, பேசிக் காட்டு.”

நின்றேன். பேசினேன். மனப்பாடமான உரைக்கு ஒரு வேகம் உண்டு. அது பேசுபவனை இழுத்துக்கொண்டு போகும். அந்த வாக்கியம் வருவது தெரிந்தும் என்னால் அதைத் தாண்ட வழி காண முடியவில்லை. வேல் இறங்கியபோது அவள் கையைப் பற்றி நின்றவன் நான். சொன்னேன். அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. எத்தனை மேடை ஏறியும் எனக்கு அப்படி ஒருமுறையும் ஆனதில்லை.

அம்மா ஒரு பழத்தை எடுத்துத் துடைத்தாள். கோபம் எதுவும் இல்லை.

“நீ புடிச்சிக்கினியா?”

“மேடைக்காகச் சொன்னதும்மா.”

“ம்.” இன்னொரு பழத்தை எடுத்தாள். “எந்தப் பக்கம் பேசின?”

“உன் பக்கம்தான்.”

“எனக்கு இன்னாடா பக்கம்? நீ பேசணும்னு வேண்டிக்கினேன். பேசிக்கினுதான் இருக்கற.”

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். வலித்ததா என்று கேட்டேன். “நாக்குதானே, வலிக்காம இன்னா,” என்றாள். காட்டச் சொன்னேன். “போடா, பைத்தியம்.” மறுபடியும் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குழந்தை போல நாக்கை நீட்டினாள். சாய்ந்த வெளிச்சத்தில் நன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை, கோடு இல்லை, நிறம் மாறிய இடம் கூட இல்லை.

“ஆறிப்போச்சுடா. எவ்ளோ நாளாவுது.”

ஆதாரம் இல்லாத இடத்தில் என்ன பேசுவது என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. அந்த ஒன்பது நாள் மாலைகளில் அவள் காட்டிய சைகையைச் செய்தேன். உள்ளங்கைகளை என் பக்கம் திருப்பி ஒட்டவைத்தேன். “இது இன்னாம்மா? அப்ப எத்தினி தடவ காட்டின.”

அவள் என் கைகளைப் பிடித்து, விரல்களை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள். “இப்படி. நீ கண்டுபுடிச்சதுதான் இது. வீட்டுக்கு ஆளுங்க வந்தா பயந்துக்கினு இப்படிக் காட்டுவ.”

“இன்னான்னு?”

“பக்கத்துல வந்து உக்காருனு.”

அவள் அதை எலுமிச்சம் பழத்தின் விலையைச் சொல்வது போலச் சொன்னாள். வாசலில் அக்கா கூப்பிட்டார். கூடையை எடுத்துக்கொண்டு போனாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான், அவள் வைத்துவிட்டுப் போன வாக்கிலேயே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது, கைகளை உயர்த்திக் காட்டினேன்.

பார்த்தாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“இருடா, அடுப்புல பால் இருக்குது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.